நத்தரின் கபுரில் முளைத்த செடி

786
சென்னை, இராயப்பேட்டை
11-1-72

அன்புள்ள அக்கா ஆசியா பீவிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தங்கை ஜாஹிதா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உன் மகன் நத்தரை அடக்கம் செய்த அன்று உன் வாசலைவிட்டு இறங்கியவள், நாலு வருஷமாக ஒரு கார்டுகூடப் போடாதவள், இன்றைக்குப் போடுகிறாள் என்றால் ஏதோ காரியமாகத்தான் என்று நினைப்பாய். காரியமாகத்தான் அக்கா.

என் மகள் சுலைகாவுக்கு நத்தருக்கு வந்த அதே நோய். விடாத காய்ச்சல், தொடையில் நீலம் நீலமாகத் திட்டு, பல் விளக்கினால் ரத்தம். உனக்கு நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பு எலும்பில் ஊசி குத்திப் பார்த்து ரத்தப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஆறு வயதுதான் ஆகிறது. நம் வழியில் வருகிற நோயா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லையாம்.

அன்றைக்கு இல்லாத மருந்து இன்றைக்கு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. வாரத்துக்கு ஒரு ஊசி, கூடவே மாத்திரை. ஒரு வாரமும் விடக்கூடாது என்கிறார் டாக்டரம்மா. மூன்று ஊசி போட்டாயிற்று. ரத்தம் கொஞ்சம் தேறுகிறது என்கிறார். ஆனால் பிள்ளையைப் பார்த்தால் தேறுகிற மாதிரி இல்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடக்கிறது. தாடை வலிக்கிறது என்று வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நடந்தால் கால் பின்னுகிறது.

அந்த ஊசி மருந்து நித்திய கல்யாணியிலிருந்து எடுப்பதாம் அக்கா. நம் ஊரில் அடக்கம் செய்கிற கபுருஸ்தானில் பூக்கிற அதே பூ. என் மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே டாக்டரம்மா அதைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று.

“ஏம்மா, ஒங்க அக்கா மவனுக்கு அரைச்சு ஊத்துனது இதே செடிதானே? அந்தச் சாறுதான் புள்ளையக் கொன்னுச்சுன்னு இந்த வீட்டுல வந்து அழுதவ நீதானே? இப்ப எம் பேத்திக்கு அதையே ஊசியில ஏத்தச் சொல்றியா?” என்கிறார். அன்றைக்கு நான் சொன்ன சொல்லைத்தானே அவர் எடுத்துப் பேசுகிறார்.

இவரும் தாயார் பக்கம் சாய்ந்துவிட்டார். இளையான்குடிக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம் என்கிறார்.

நீ என் மாமியாருக்கு ஒரு கடிதம் எழுது. நத்தர் நோயால்தான் போனான், செடியால் இல்லை என்று எழுது. பெற்றவள் சொன்னால் அவர் கேட்பார். நான் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை.

உன் தங்கை,
ஜாஹிதா


புதுவயல்
17-1-72

ஜாஹிதாவுக்கு அக்கா எழுதுவது.

கடிதம் வந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க ஒரு பொழுது ஆனது. சுலைகாவை நினைத்து அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

நீ என்ன கேட்கிறாய் என்று தெரிந்துதான் கேட்டாயா? நத்தர் மையத்தாகக் கூடத்தில் கிடக்கிறான். கூடம் நிறைய ஆள். நீ என் தோளைப் பிடித்து உலுக்கி, “கபுருஸ்தான் எலைய அரைச்சு ஊத்திக் கொன்னுட்டியேடி” என்றாய். அந்தச் சொல்லோடுதான் நான் உலை வைக்கிறேன், அந்தச் சொல்லோடுதான் படுக்கிறேன். இப்போது உனக்கு ஆகவேண்டும் என்றதும் அது பொய் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். பொய்யா என்று எனக்குத் தெரியுமா?

அன்றைக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த வயசான டாக்டர் மருந்து வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், காத்திருங்கள் என்றார். எந்த மருந்து என்று உன் மச்சான் கேட்டதற்கு, ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரித் தோட்டத்தைக் காட்டி, “அந்தா பூத்திருக்கே, அதுலேருந்துதான்” என்றார். நம் ஊரில் காடாகக் கிடக்கிற செடி. உன் மச்சானுடைய அத்தா சர்க்கரை வியாதிக்கு அந்த இலையைத்தான் மென்றார். கொல்லையில் கிடக்கிறதை வைத்துக்கொண்டு கப்பலுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று பட்டது. ஆஸ்பத்திரியைவிட்டு ஊருக்கு வந்துவிட்டோம். அன்றைக்கு மூட்டை கட்டினதில் உன் கையும் இருந்தது ஜாஹிதா. அதைக் கூடத்தில் வைத்து நீ சொல்லவில்லை.

இலை கபுருஸ்தானில்தான் கொழுத்துக் கிடந்தது. கபுர் மேல் இருக்கிற பச்சை, உள்ளே அடங்கியிருக்கிற மையத்துக்காக அல்லாஹ்வைத் துதித்துத் தஸ்பீஹ் செய்யும், அதை ஒடிக்கக்கூடாது என்பது நமக்குத் தெரியாததா? தெரிந்துதான் ஒடிக்கச் சொன்னேன். உன் மச்சான் ஒடித்துக் கொண்டுவந்தார்.

இப்போது அது நத்தர் மேலேயே முளைக்கிறது. நம்மில் பெண்கள் உள்ளே போகிற வழக்கம் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் உன் மச்சானைப் போய்ப் பிடுங்கி எறியச் சொல்லியிருக்கிறேன். அவர் கையில் மண்ணோடு வந்து நின்றால்தான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். கபுருஸ்தான் சுவர் ஓரமாகப் போக நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன்.

பொய் எழுதமாட்டேன். நீ ஒன்று செய். நான் அரைத்துக் கொடுத்ததும் அவர்கள் ஊசியில் போடுவதும் ஒன்றா என்று அந்த டாக்டரம்மாவிடம் கேள். என் பிள்ளை எதனால் போனான் என்றும் கேள். என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுது.

தாடை வலி என்றால் கஞ்சியை நன்றாகக் குழைத்து, ஆற வைத்துக் கொடு. கரண்டி வேண்டாம், பிள்ளை கூசும். விரலால் ஊட்டு.

ஆசியா பீவி


சென்னை
22-1-72

அக்காவுக்கு,

இந்த வாரம் ஊசி போடவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினபோது என் மாமியார் பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார். பெருநாள் முடிந்து ஞாயிற்றுக்கிழமை இளையான்குடிக்குப் போக இவர் டிக்கெட் எடுத்துவிட்டார். அதற்குள் உன் பதில் வரவேண்டும்.

நான் மட்டும் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அந்தச் செடி தன்னைக் காப்பாத்திக்க உள்ளுக்குள்ள எத்தனையோ சரக்கு பண்ணி வச்சிருக்கு. ஆடு அதைத் தின்னாம விடறதே அதனாலதான். அத்தனையில ஒண்ணு ரெண்டுதான் இந்த நோய்க்கு ஆகும். வண்டி வண்டியா இலை போட்டா, கிடைக்கறது நகக்கண்ணுல ஒட்டற அளவு. உங்கக்கா அரைச்ச பிடி இலையில அது இருந்தும் இல்லாத கணக்குதான். மத்ததெல்லாம் இருந்திருக்கும். வாந்தி வந்திருக்கும், உடம்பு தளர்ந்திருக்கும்” என்றார்.

சர்க்கரைக்கு ஜனங்கள் அதைக் குடிப்பதைக் கேள்விப்பட்டுத்தான் வெளிநாட்டில் சோதித்தார்களாம். சர்க்கரையைக் குறைக்கவில்லையாம். ரத்தத்தில் வெள்ளை அணுவைக் குறைத்ததாம். அப்படித்தான் இந்த மருந்து வந்ததாம்.

“எங்க அக்கா மகன் அதனால செத்தானா டாக்டர்?” என்று கேட்டேன். “எனக்குத் தெரியாதும்மா. அந்தப் பையனை நான் பாக்கல. நோயே முத்திப்போயிருக்கலாம். அன்னிக்கு ஊசி கிடைச்சிருந்தாலும் பிழைச்சிருப்பான்னு என்னால சொல்ல முடியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லி அவங்களுக்கு ஆறுதல் சொல்லச் சொல்லாதீங்க” என்றார்.

உனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாற்றி எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ மறைக்காதே என்று எழுதியிருந்தாய்.

மூட்டை கட்டினதில் என் கையும் இருந்தது. என் மேல் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் அன்றைக்கு முந்திக்கொண்டு உன் மேல் போட்டேன்.

விரலால் ஊட்டினேன். நாலு வாய் வாங்கினாள்.

ஜாஹிதா


புதுவயல்
25-1-72

ஜாஹிதா,

இன்று மதியம் உன் கடிதம் வந்தது, இப்போதே எழுதுகிறேன். எக்ஸ்பிரஸில் போடச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா சொன்னதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கொன்றாய் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் நாலு வருஷத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அந்த அம்மாள்தான். வந்தவர்களில் பாதிப் பேர் என் மேல் பழி போட்டார்கள். மீதிப் பேர் விதி என்றார்கள்.

நேற்று கம்மாய்க் கரையில் ஆடு மேய்க்கிற அன்னக்கிளி சாக்கும் கையுமாக நித்திய கல்யாணி இலை பறித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஏஜெண்டு காய்ந்த இலையாக வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்புகிறாராம். அங்கிருந்து கப்பல். “ஏன் பீவி, சீமையில அவுகளுக்கு ஆடு மாடே கெடையாதா? நம்ம ஊரு ஆடே மோந்து பாத்துட்டுப் போற எலைய மூட்டை மூட்டையாக் கேக்குறாக” என்று சிரித்தாள். நான் அவள் சாக்கில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். நான் அரைத்தது அவ்வளவுதான்.

“கபுருஸ்தான் பக்கம் பறிக்கலாமா பீவி? அங்குட்டுத்தான தளதளன்னு நிக்குது” என்றாள். “அங்குட்டுப் போயிராத” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உன் கடிதத்தை உன் மச்சானுக்கு வாசித்துக் காட்டினேன். மில்லில் நெல் அவித்துவிட்டு வந்து, சாம்பல் காலோடு நின்றுகொண்டே கேட்டார். அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போகிற மனுஷர், இன்றைக்குப் போகவில்லை. “நெல்ல அப்படியே அள்ளி வாயில போட்டா தொண்டையக் கிழிக்கும். அதுக்காக அரிசிய வெசமுன்னு சொல்லுவாகளா? எழுதிப் போடு” என்றார்.

தனித் தாளில் உன் மாமியாருக்கு எழுதியிருக்கிறேன். நீ கேட்டதை எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். நீ படிக்காதே. மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்.

அக்கா

(உடன் வைத்த தாள்)

மாமி பாத்துமுத்து அவர்களுக்கு, ஜாஹிதாவின் அக்கா ஆசியா பீவி ஸலாம் சொல்லி எழுதுவது. காஜா மைதீன் மாப்பிள்ளை இதைச் சத்தமாக வாசிக்க வேண்டும்.

என் மகன் நோயால் போனானா, நான் கொடுத்த சாற்றால் போனானா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அல்லாஹ் அறிவான். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஊர் வந்து சேர்ந்த அன்று அவன் பஸ்ஸைவிட்டுத் தானாக இறங்கி நடந்தான். ஆஸ்பத்திரியைவிட்டு வந்ததே நல்லதாகப் போயிற்று என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவன் பாயில் அவன் படுத்தான். மருந்து வாடை இல்லை. மாமி, பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவருகிற சுகம் எனக்குத் தெரியும். நீங்கள் அதற்குத்தான் ஆசைப்படுகிறீர்கள் என்பதும் தெரியும்.

இலையை அம்மியில் வைத்து அரைத்தேன். கருப்பட்டி சேர்த்தேன். “கசக்குதும்மா” என்றான். “கசந்தாத்தான் மருந்து” என்றேன். குடித்தான். சொன்னால் கேட்கிற பிள்ளை. அப்புறம் வாந்தி எடுத்தான். வாந்தி நோயால் வந்ததா சாற்றால் வந்ததா என்று கேட்க ஆள் இல்லை. கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதா, நிறுத்துவதா, அதைச் சொல்லவும் ஆள் இல்லை. பத்தவில்லையோ என்று கூட்டிக் கொடுத்தேன். அளவு தெரியாத கையால் கொடுத்தேன். கடைசியில் கண் சொருகினபோது காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியிலேயே அவன் உடம்பு கனத்துப்போயிற்று.

சுலைகாவுக்கு அளந்து கொடுக்கிறார்கள். வாரா வாரம் ரத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடுகிறார்கள். கால் பின்னினால் ஏன் பின்னுகிறது என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறது. செடி ஒன்றுதான் மாமி. கொடுக்கிற கை வேறு.

மருந்து வருகிறவரை நான் காத்திருக்கவில்லை. உங்களுக்கு மருந்து வந்து, வாசலில் நிற்கிறது. நீங்கள் அதை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

முடி முளைக்கும். என் வீட்டில் நாலு வருஷமாக ஒரு பாய் சுருட்டினபடியே நிற்கிறது. அப்படி ஒரு பாய் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

ஆசியா பீவி


சென்னை
31-1-72

அக்காவுக்கு,

சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. பெட்டி கட்டிக் கூடத்தில் இருந்தது. இவர்தான் வாசித்தார். “கசக்குதும்மா” என்ற இடத்தில் நின்றுவிட்டார். மறுபடி வாசித்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டேன். நீ படிக்காதே என்றுதானே எழுதியிருந்தாய், கேட்காதே என்று எழுதவில்லை.

என் மாமியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். “அந்தப் புள்ளைக்கு என்ன வயசு இருந்துச்சு?” என்று கேட்டார். எட்டு என்றேன். “வாசல மறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்னு எழுதிப்புட்டாளே” என்றார்.

இன்று காலை நான் எழுந்திருக்கும்போது அவர் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, சுலைகாவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். “எந்திரிம்மா. எந்தக் கட்டடமுன்னு எனக்கு வழி தெரியாது, நீ முன்னால நட” என்றார். ஊசி போடும்போது டாக்டரம்மா பக்கத்திலேயே நின்று, “கூடக் கொறைய போட்டுறாதீக தாயி, நல்லாப் பாத்துப் போடுங்க” என்று அவரை அதட்டினார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று.

இளையான்குடி டிக்கெட்டைச் சுலைகாவிடம் கொடுத்தேன். கிழித்து விளையாடுகிறாள்.

ஜாஹிதா


சென்னை
20-3-72

அக்கா, மறுபடி எலும்பில் ஊசி குத்திப் பார்த்தார்கள். நோய் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறார்கள். போய்விட்டது என்று சொல்லவில்லை. இன்னும் பல வருஷம் பார்க்க வேண்டுமாம், திரும்பவும் வரலாமாம், மருந்தும் நடக்குமாம். ஆனால் இன்றைக்கு இல்லை. காதோரம் பூனைமயிர் மாதிரி முடி முளைத்திருக்கிறது. கார்டில் இடம் இல்லை.
ஜாஹிதா


புதுவயல்
25-3-72

ஜாஹிதாவுக்கு,

கார்டு வியாழக்கிழமை வந்தது. இன்றைக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை அப்படியே வைத்துக்கொள். ஒவ்வொரு நாளும் அன்றைக்கு இல்லை என்று இருந்தால் போதும்.

நேற்று வெள்ளிக்கிழமை. உன் மச்சான் ஜும்ஆவுக்குக் கிளம்பித் தொப்பியை எடுத்தார். நான் அடுப்படியிலிருந்தே, “இனிமே அதப் பிடுங்க வேணாம். இருந்துட்டுப் போகட்டும்” என்றேன்.

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “நான் எப்பப் பிடுங்குனேன்?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “வாரா வாரம் கையில மண்ணோட வாரீகளே?”

“மண்ணக் கெளறிவிட்டுத் தண்ணி ஊத்துனா கையில ஒட்டாம இருக்குமா?”

“நாலு வருசமாவா?”

“பிடுங்குனேன்னு ஒரு நாளாச்சும் ஒங்கிட்டச் சொன்னேனா? நீ கையப் பாத்துக்கிட்ட. நான் சும்மா இருந்தேன்.” தொப்பியைத் தட்டிக்கொண்டே, “கொத்துக் கொத்தா ஒடிச்சவன் நான்ல. ஒடிச்சத நட்டுத்தான குடுக்கணும்” என்றார். பாங்கு சொல்லிவிட்டார்கள், போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தை என்னத்தைச் சொல்ல. சட்டியை இறக்கிவைக்காமல் அப்படியே நின்றேன், குழம்பு அடிப்பிடித்தது. நாலு வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறார். அந்தக் கை மண்ணைப் பார்த்துத்தானே நான் சோறு தின்றேன். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். நான் வீட்டுக்குள் இருந்து பிள்ளையை அழுதேன். அவர் அழுததை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எங்கே போய் அழுதார் என்று கேட்டதும் இல்லை.

தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கபுருஸ்தான் சுவர் இடுப்பளவுதான். உள்ளே போகவில்லை. வெளியே நின்று, இத்தனை நாள் திருப்பிக்கொண்ட முகத்தை அந்தப் பக்கம் வைத்துப் பார்த்தேன்.

தேட வேண்டியிருக்கவில்லை ஜாஹிதா. மற்ற கபுரெல்லாம் காய்ந்து கிடக்கிறது. நத்தர் மேல் மட்டும் ரோசும் வெள்ளையுமாக, மண் தெரியாமல் பூத்திருக்கிறது. உன் மச்சான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழுத்த இலையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்திருக்காமல் மறுபடி இலையை எடுத்தார். நானும் நின்றேன்.

வீட்டுக்கு வந்து கையை நீட்டினார். செம்பில் தண்ணீர் எடுத்து நானே ஊற்றினேன்.

பாயை எடுத்து வெயிலில் விரித்துப் போட்டிருக்கிறேன். பாச்சை அரித்திருக்கும் என்று நினைத்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் கொண்டுவருகிறேன். ஆஸ்பத்திரியில் தரையில் படுக்க ஆகும். சுலைகாவுக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்று உடனே எழுது.

அக்கா
ஆசியா பீவி